வாயோடு வாய் பொருந்தாத வண்டி

கப்பல்துறை என்றவுடன் வாசகர்கள் கப்பலை எதிர்பார்ப்பார்கள். சென்ற மாதம் நான் அங்கே சென்றது ஒரு மோட்டார் வண்டியைப் பார்ப்பதற்கு. திருகோணமலையிலிருந்து கண்டி வீதி வழியே சென்றால் வரும் அவ்வூரில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு முற்றத்தில், 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று நிற்கின்றது. அவருடைய தந்தையார் திருகோணமலைக் கடற்படைத் தளத்து வேலைத்தலத்தில் பொருத்துநராக இருந்தவர். 1957இல் பிரித்தானியர் அத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றபோது கைக்கு வந்த பணத்தைக்கொண்டு மறு ஆண்டே இவ்வண்டியை வாங்கினாராம்.

வண்டிக்கு வந்த நோய் இது: இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு முறை வெளியேற்று வால்வு கருகிப் போயிற்று; இரண்டு முறையும் நான்காம் சிலிண்டரில். வாரந்தோறும் மனைவியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதற்கு ஆசிரியருக்கு வேறு வாகனம் இல்லை. பழைய வண்டிகளைத் தேடி வாங்குகின்ற கொழும்பு அன்பர் ஒருவர் நல்ல விலை பேசியிருந்தார். "மூன்றாம் முறையும் கருகினால் கொடுத்துவிட வேண்டியதுதான்" என்று ஆசிரியர் முடிவு செய்திருந்தார்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. முதலில் அதற்கு இருந்தது வேறொரு பழைய எஞ்சின். 1952இல் ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் நிறுவனமும் ஒன்றான பின்னர், ஒஸ்ரின் ஏ-30 வண்டிக்கென 1951இல் பிறந்த "ஏ" வரிசை எஞ்சின் இதற்குள் வந்தது. முதலில் 803 கன சென்ரிமீற்றர், 1956இல் 948, 1962இல் 1098. ஏறத்தாழ அரை நூற்றாண்டு, 2000ஆம் ஆண்டு வரை, ஏதோ ஒரு வடிவில் இந்த எஞ்சின் உற்பத்தியில் இருந்தது என்றால் அதன் குடிப்பெருமை விளங்கும்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்கு சிலிண்டர்களுக்கு நான்கு உள்வாய்கள் இருக்கும் என்றுதானே நினைப்போம்? இந்த எஞ்சினில் இரண்டே உள்வாய்கள். முன்னால் உள்ள ஒன்றாம், இரண்டாம் சிலிண்டர்களுக்கு ஒன்று. பின்னால் உள்ள மூன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்கு மற்றொன்று. புகை வெளியேற மூன்று வாய்கள். ஆக ஐந்து வாய்களும் சிலிண்டர் ஹெட்டின் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. வால்வுகளை உந்துகின்ற தண்டுகளும் அதே பக்கத்தில் மேலேறுவதால் நெருக்கடி மிகுதி. காபரேற்றரிலிருந்து கலவையைக் கொண்டுவரும் குழாயும் புகையை வெளியேற்றும் குழாயும் ஒரே வார்ப்பாக அமைந்து இவ்வைந்து வாய்களையும் மூடுகின்றன. இதைத்தான் நம் கராஜ்களில் மெனிபோல்ட் என்பர்.

இரண்டு குழாய்களையும் ஒன்றாக வார்த்தது சிக்கனத்துக்காக மட்டுமன்று. புகையின் வெப்பம் உள்ளே போகும் கலவையைச் சூடாக்கிப் பெற்றோலை ஆவியாக்குகின்றது. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, நம்மவர்கள் இவ்வகைப் பழைய வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள் என்பதை முதியோர் மறக்கமாட்டார்கள். சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, சூடு வேண்டும். அமுக்கம் மிகுந்தால் எஞ்சின் தட்டும். ஆகவே அமுக்கம் குறைந்த பழைய எஞ்சினே அதற்கு உகந்தது. புத்தம் புதிய ஜப்பானிய வண்டிகள் கொட்டிலில் உறங்க, கிழட்டு மைனர்கள் நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் சுமந்து திரிந்தன. எந்தப் பல்கலைக்கழகமும் இதற்குப் பட்டம் கொடுத்ததாகத் தெரியவில்லை!

ஆசிரியரின் வண்டிக்கு வருவோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதன் பழைய ஹெட் வெடித்துவிட்டது. அதற்குப் பதிலாக 1098 எஞ்சினுடைய பாவித்த ஹெட் ஒன்று வாங்கிப் பூட்டப்பட்டது. அது தவறான காரியமன்று. அதன் உள்வால்வுகள் சற்றுப் பெரியவை என்பதனால் 948 எஞ்சினுக்குப் பலரும் விரும்பிப் பூட்டுவது அது. 1275 எஞ்சினின் ஹெட்டை அப்படியே தூக்கி வைத்தால்தான் ஆபத்து. வால்வு எஞ்சின் கட்டையிலேயே இடிக்கும்.

வண்டியைப் பார்க்க வந்திருந்த இளம் மெக்கானிக் முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக ஒரு பலகையில் வைத்தான். முதல் இரண்டும் கரி பிடித்துக் கறுத்திருந்தன. பின் இரண்டும் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தன.

"காபரேற்றரை எத்தனை தரம் திருப்பியிருக்கிறார்கள், மாஸ்டர்?"

"வந்தவரெல்லாம் திருப்பினார்கள், தம்பி. பெற்றோல் காணாது என்றார்கள்."

இருப்பது ஒரே காபரேற்றர். அதில் குற்றமிருந்தால் நான்கு பிளக்குகளும் ஒரே நிறம் காட்ட வேண்டும். இரண்டு மட்டும் வெளுத்தனவென்றால், அவ்விரண்டுக்கும் பொதுவான பின் உள்வாயில் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகின்றது. காற்று மிகுந்து பெற்றோல் குறைந்த கலவை மெதுவாக எரியும். வெளியேற்று வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். வால்வின் விளிம்பைத் தின்னும். பெற்றோலைக் கூட்டக் கூட்ட முன் இரண்டுக்கும் அஜீரணம்; பின் இரண்டுக்கும் பட்டினி தீரவில்லை.

பிளக்குகளை மீண்டும் பூட்டி எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய்க் குவளையால் பின் இணைப்பின் விளிம்பில் நாலைந்து துளி விட்டான். தள்ளாடிக்கொண்டிருந்த எஞ்சின் ஒரு கணம் சீராயிற்று. பின்னால் நீலப்புகை எழுந்தது. கள்வன் அகப்பட்டான்.

அதன்பின் மெனிபோல்ட் கழற்றப்பட்டது. அந்த இணைப்பில் இரண்டு சிறு உருக்கு வளையங்கள் உண்டு. ஒவ்வொன்றும் பாதி ஹெட்டின் வாயிலும் பாதி மெனிபோல்ட்டின் வாயிலும் வெட்டிய பள்ளத்தில் அமர்ந்து, இரு வாய்களையும் நேருக்கு நேர் நிறுத்துகின்றன. பாவித்த ஹெட் துருவால் அரிக்கப்பட்டிருந்தமையால், பூட்டுமுன் அதன் பக்கமுகத்தை எவரோ இழைத்துச் சமன் செய்திருக்கிறார்கள். முகம் குறைந்தபோது பள்ளத்தின் ஆழமும் குறைந்துவிட்டது. வளையமோ பழைய நீளத்திலேயே இருந்தது. பின் வாயில் அது ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் வெளியே நின்று, கெஸ்கட் இறுகுவதற்கு முன்னரே மெனிபோல்ட்டைத் தடுத்தது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. அங்கே முட்டிக்கொண்டிருந்தது இரும்பும் இரும்பும்.

நான் வேறொன்றையும் கேட்டேன். புதிய ஹெட்டின் வாய் மெனிபோல்ட்டின் வாயைவிடச் சற்று அகலம். இரண்டையும் அரைத்து ஒரே அளவாக்க வேண்டாமா? அவன் சிரித்தான். ஒடுங்கிய குழாயிலிருந்து அகன்ற வாய்க்குள் போகும் கலவைக்கு அந்தப் படி பெரிய இடைஞ்சலன்று. மெனிபோல்ட் பெரிதாகவும் ஹெட்டின் வாய் சிறிதாகவும் இருந்தால்தான், எதிரே நிற்கும் விளிம்பில் பெற்றோல் துளிகள் மோதித் தேங்கும். மேலும், ஆசைக்கு அரைக்கப் போனால் பக்கத்திலுள்ள உந்துதண்டுத் துளைக்குள் கல் புகுந்துவிடும். பந்தயக்காரர் அரைக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டிக்கு வேண்டாம் என்றான். எனக்கு அந்த விடை மிகவும் பிடித்திருந்தது.

வளையத்தைக் குறைக்க நுண்மையான அரம் வேண்டியிருந்தது. ஆசிரியர் உள்ளே சென்று தந்தையாரின் மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்த அரம் இன்னும் பல் மழுங்காமலிருந்தது. கண்ணாடித் துண்டொன்றின் மேல் வளையத்தை வைத்துத் திருப்பித் திருப்பி மட்டம் பார்த்து, இரண்டு மணி நேரம் தேய்த்தான். புதிய கெஸ்கட் வைத்து நடுவிலிருந்து இரு புறமும் சிறிது சிறிதாக இறுக்கி, காபரேற்றரையும் பழைய நிலைக்குத் திருப்பியபின் எஞ்சின் எழுந்தது. எஞ்சின் மூடியின் மேல் வைத்த தேநீர்க் கோப்பை ஆடவில்லை.

மறு வாரம் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது நான்கும் ஒரே மாநிறம் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். கொழும்பு அன்பருக்கு வேறிடம் பார்க்குமாறு சொல்லிவிட்டாராம்.

அன்று புறப்படும்போது அந்த இளைஞன் அரத்தைத் துடைத்துக் கையிலேயே வைத்திருந்தான்.

"இதை விலைக்குத் தருவீர்களா, மாஸ்டர்?"

"அது அப்பாவுடையது, தம்பி. வேண்டும்போது இங்கே வந்து எடுத்து வேலை செய்."