சுவர் நின்றால் போதுமா?



கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் எதையும் தாங்கும் என்று பலரும் நம்புகிறோம். சாக்பீஸை நினைத்துப் பாருங்கள். நீளவாக்கில் அழுத்தினால் தாங்கும். வளைத்தால் பட்டென்று ஒடியும். கான்கிரீட்டும் அப்படித்தான். அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வெடிப்பின் அதிர்ச்சி அலை சுவரை அழுத்திக்கொண்டு உள்ளே பாய்கிறது. மறுபக்கத்தை எட்டியதும் இழுவையாகத் திரும்புகிறது. அதனால்தான் வெடித்தது ஒரு பக்கம் இருக்க, மறுபக்கத்தில் கான்கிரீட் பெயர்ந்து தெறிக்கிறது. கம்பி ஓரளவுக்குத்தான் பிடித்து நிறுத்தும்.

2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகக் கிடங்கு வெடித்தது. அங்கே 2,750 டன் அமோனியம் நைட்ரேட்டை ஆண்டுக்கணக்கில் போட்டு வைத்திருந்தார்கள். 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பக்கத்திலிருந்த பிரம்மாண்டமான கான்கிரீட் தானியக் குதிர்களில் பல நொறுங்கின, சில நின்றன. நின்றவற்றிலும் ஒரு பகுதி 2022-ல் தீப்பிடித்துச் சரிந்தது.

என் கருத்து இதுதான்: சுவரைத் தடிமனாக்குவது இரண்டாவது வேலை. வெடிபொருளை ஊரை விட்டுத் தள்ளி வைப்பதே முதல் வேலை. தூரம் கூடக் கூட அலையின் அழுத்தம் வெகுவாகக் குறையும். 2015-ல் பறிமுதலாகி சென்னை மணலி அருகே வைக்கப்பட்டிருந்த சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட், பெய்ரூட் செய்தி வந்த பிறகுதான் ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. அடுத்த வீடு எரிந்த பிறகா நாம் தண்ணீர் தேடுவது?

உங்களில் பொறியாளர்களும் அதிகாரிகளும் இருக்கிறீர்கள். குடியிருப்பை ஒட்டி வெடிமருந்துக் கிடங்கு இருந்தால் கேள்வி கேளுங்கள். வாத்தியார் கேட்கச் சொன்னார் என்றே கேளுங்கள்.