ஜானி ஃப்ளின் என்ன தப்பு செய்தார்?

ஒவ்வொரு ஜூன் மாதமும் என்.பி.ஏ. ட்ராஃப்ட் நெருங்கும்போது ஒரு பழைய ஜோக்கைத் தூசி தட்டி எடுப்பார்கள். 2009, ஜூன் 25. மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணியின் கையில் ஐந்தாவது, ஆறாவது என்று அடுத்தடுத்து இரண்டு தேர்வுகள். அணிக்கு வேண்டியது ஒரு கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தக்கூடிய ஆள். ஐந்தாவதாக ரிக்கி ரூபியோவை எடுத்தார்கள். ஆறாவதாக ஜானி ஃப்ளின். அடுத்து ஏழாவதாக கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் எடுத்த பையனின் பெயர் ஸ்டெஃபன் கரி.

அவ்வளவுதான் ஜோக். "ரெண்டு சான்ஸ் கிடைச்சும் கரியை விட்டானுங்க பாரு!" சொல்பவர் சிரிப்பார், கேட்பவரும் சிரிப்பார். பதினைந்து வருஷத்துக்கு மேலாக இதே சிரிப்பு. ஜோக் பழசாகிவிட்டதில் எனக்குப் பிரச்சினை இல்லை. அது பொய் சொல்கிறது என்பதுதான் என் பிரச்சினை. அந்தப் பொய்யின் விலையைக் கொடுப்பது எப்போதும் ஒரு இருபது வயதுப் பையன்.

கூடைப்பந்து பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நமக்கு ஐ.பி.எல். ஏலம் தெரியும். அங்கே வீரர் ஒரு அடிப்படை விலையைச் சொல்கிறார், அணிகள் மோதிக்கொள்கின்றன, விலை ஏறுகிறது. அசிங்கமான காட்சிதான், ஆனால் போட்டியில் ஏறுகிற பணமாவது வீரருக்குப் போகிறது. ட்ராஃப்டில் அதுவும் கிடையாது. மோசமாகத் தோற்ற அணிகளுக்கு முதல் வாய்ப்புகள். எந்த எண்ணில் எடுக்கப்பட்டாயோ அதற்கேற்பச் சம்பள அளவு ஏற்கனவே குறிக்கப்பட்டிருக்கும். எந்த ஊர், எந்தப் பயிற்சியாளர், எந்த மருத்துவர் என்பதில் பையனுக்குப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பெயரை அழைத்ததும் மேடையேறி, தொப்பி மாட்டிக்கொண்டு, கைகுலுக்கிச் சிரிக்க வேண்டும்.

அதற்கு முந்தைய சில மாதங்கள் ரசிகர்கள் பேசும் பேச்சைக் கவனித்திருக்கிறீர்களா? "இவனுக்கு சீலிங் அதிகம், அவனுக்கு ஃப்ளோர் அதிகம்." "கை நீளம் பத்தாது." "இடுப்பு இறுக்கமா இருக்கு, பக்கவாட்டுல நகர மாட்டான்." மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கூட இதைவிட மரியாதையாகப் பேசுவார். இரண்டு மூன்று வருஷம் கழித்து, எதிர்பார்த்தபடி ஆடாதவனுக்கு ஒரே ஒரு சொல்: பஸ்ட். ஊத்திக்கிச்சு என்று நாம் சினிமாவுக்குச் சொல்வதைப் போல. ஒரு படம் ஊத்திக்கொண்டால் இயக்குநரை, தயாரிப்பாளரை, திரைக்கதையைத் திட்டுவோம். இங்கே நடிகனை மட்டும்தான் படம் என்கிறோம்.

'பஸ்ட்' என்பது ஒரு வீரரைப் பற்றிய மதிப்பீடே இல்லை. அணி செய்ததையும் செய்யாமல் விட்டதையும் வீரரின் கணக்கில் எழுதுவதற்கான சொல் அது. "யாரை எடுத்திருக்கணும்?" என்று நாம் கேட்கும் ஒவ்வொரு முறையும், எடுத்த பிறகு என்ன செய்தார்கள் என்ற கேள்வி தப்பித்துவிடுகிறது.

மினசோட்டா கதையையே எடுப்போம். அந்த ஜூன் மாதம் ட்ராஃப்டுக்குச் சுமார் ஒரு வாரம் முன்புதான் பயிற்சியாளர் கெவின் மெக்ஹேல் போனார். பொது மேலாளராக டேவிட் கான் புதிதாக வந்திருந்தார். அதாவது ஃப்ளினைத் தேர்ந்தெடுத்த இரவில் அணிக்குப் பயிற்சியாளரே இல்லை. ஆகஸ்டில்தான் கர்ட் ராம்பிஸ் வந்தார். வந்தவர் கையோடு கொண்டுவந்தது டிரையாங்கிள் ஆட்டமுறை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஆள் ஆட்டத்தை நடத்துவதற்கு நேர் எதிரான முறை அது. பந்து எல்லார் கையிலும் சுற்ற வேண்டும், கார்டு பாஸ் போட்டுவிட்டு மூலைக்குப் போய் நிற்க வேண்டும்.

ஃப்ளின் எப்படிப்பட்டவர்? அதே 2009 மார்ச்சில் சிரக்யூஸ் அணியும் கனெக்டிகட் அணியும் மோதிய ஆட்டம் ஆறு ஓவர்டைம் போனது. மொத்தம் 70 நிமிஷ ஆட்டத்தில் ஃப்ளின் 67 நிமிஷம் களத்தில் இருந்தார், 34 புள்ளிகள் எடுத்தார். நள்ளிரவு தாண்டியும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தார். பந்து கையில் இருந்தால்தான் அவர் அவர். அப்படிப்பட்டவரை எடுத்து, பந்து கையில் நிற்காத முறையில் போட்டார்கள். அதே ட்ராஃப்டில் 18ஆவதாக டை லாசன் என்ற இன்னொரு கார்டையும் எடுத்து டென்வருக்கு மாற்றிவிட்டார்கள். செப்டம்பரில் ரமோன் செஷன்ஸ் என்ற மற்றொரு கார்டை ஒப்பந்தம் செய்தார்கள். மளிகைக் கடைக்குப் போய் நான்கு பாக்கெட் உப்பு வாங்கி வந்தவர், குழம்பு ருசிக்கவில்லை என்று உப்பைத் திட்டிய கதை.

அந்த முதல் பருவத்தில் ஃப்ளின் 81 ஆட்டங்களில் ஆடி, சராசரியாக 13.5 புள்ளிகள் எடுத்தார். புதுப் பையனுக்கு மோசமில்லை. அணி 82 ஆட்டங்களில் 15 மட்டுமே ஜெயித்தது. 2010 கோடையில் ஃப்ளினுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. திரும்பி வந்தபோது அந்தத் துள்ளல் இல்லை. ஹூஸ்டன், போர்ட்லாண்ட் என்று கைமாறி, 2012இல் என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. மொத்தம் 163 ஆட்டங்கள். உடம்பையே மூலதனமாகக் கொண்டவரின் இடுப்பு போய்விட்டது. அதற்கு நாம் வைத்த பெயர் 'பஸ்ட்'.

கரியின் கதையை அப்போது இருந்தபடியே பார்ப்போம், இப்போது தெரிந்த முடிவை ஒரு ஓரமாக வைத்துவிட்டு. 2009 நவம்பரில் பத்தாவது எண்ணில் எடுக்கப்பட்ட பிராண்டன் ஜென்னிங்ஸ் ஒரே ஆட்டத்தில் 55 புள்ளிகள் எடுத்தார், அதுவும் கரியின் அணிக்கு எதிராக. அன்றைய இரவில் தேர்வை மறுபடி நடத்தியிருந்தால் ஜென்னிங்ஸ் எங்கே இருந்திருப்பார்? பருவம் முடிந்தபோது சிறந்த புதுமுக விருது நான்காவதாக எடுக்கப்பட்ட டைரீக் எவன்ஸுக்கு. 2010 கோடையில் அறிவாளி அணி சாக்ரமெண்டோதான்.

2012இல்? 2011இலும் 2012இலும் கரிக்குக் கணுக்காலில் அறுவை சிகிச்சை. 2011-12 பருவத்தில் 26 ஆட்டங்கள் மட்டும். அந்த மார்ச்சில் கோல்டன் ஸ்டேட் தன் இன்னொரு கார்டான மோண்டா எல்லிஸை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டு ஆண்ட்ரூ போகட் என்ற காயம்பட்ட உயரமான வீரரை வாங்கியது. சில நாள் கழித்து கிறிஸ் மல்லினைக் கௌரவிக்கும் நிகழ்ச்சியில் உரிமையாளர் ஜோ லேக்கப் மைக்கைப் பிடித்ததும் அரங்கமே ஊளையிட்டது. பேசவே விடவில்லை. நல்லா ஆடுற எல்லிஸை அனுப்பிட்டு உடைஞ்ச கணுக்காலை வச்சுக்கிட்டீங்களே என்பதும் அந்தக் கோபத்தில் ஒரு பங்கு. ஊளையிட்டவர்கள் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் கையில் இருந்த தரவு அவ்வளவுதான்.

அதே ஆண்டு அக்டோபரில் அணி கரிக்கு நான்கு வருஷத்துக்கு 4.4 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அன்றைக்கு அதை ஆபத்தான பந்தயம் என்றார்கள். கணுக்காலின் சுமையைக் குறைக்க இடுப்பையும் தொடையையும் பலப்படுத்தும் பயிற்சிகள் தந்தார்கள். பக்கத்தில் கிளே தாம்சன், டிரேமண்ட் கிரீன் வந்தார்கள். 2014இல் ஸ்டீவ் கெர் வந்து, கரி பந்தில்லாமல் ஓடுவதையே ஒரு ஆயுதமாக மாற்றினார். 2015-16இல் கரி போட்ட மூன்று புள்ளி எறிதல்கள் 402. அதற்கு முந்தைய சாதனை 286, அதுவும் அவருடையதுதான். நான்கு சாம்பியன்ஷிப்கள்.

"அப்போ ஃப்ளினை அங்கே போட்டிருந்தா அவரும் கரி ஆயிருப்பாரா?" ஆகியிருக்க மாட்டார். நான் அந்த அபத்தத்தைச் சொல்லவில்லை. டேவிட்சன் கல்லூரியில் கரி எறிந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த மணிக்கட்டு அபூர்வமானது என்று தெரிந்திருக்கும். கல்லூரியின் கடைசிப் பருவத்தில் ஆட்டத்துக்கு 28.6 புள்ளிகள், நாட்டிலேயே முதலிடம். திறமை உண்டு, அதில் ஏற்றத்தாழ்வும் உண்டு. திறமையும் விளைவும் ஒன்றில்லை என்பதுதான் என் கட்சி. பயிற்சியாளர் இல்லாத அணியில், நான்கு கார்டுகளுக்கு நடுவே, உடைந்த கணுக்காலோடு, டிரையாங்கிளில் நின்ற கரி எப்படி இருந்திருப்பார்? யாருக்கும் தெரியாது. தெரியும் என்பதுபோல அந்த ஜோக் பேசுகிறது. ஒரு சர்வரில் ஓடிய நிரலின் வேகத்தை இன்னொரு சர்வரில் ஓடியதோடு ஒப்பிட்டு "இந்தக் கோடு சரியில்லை" என்று யாராவது சொன்னால் ஆஃபீஸில் சிரிப்பார்கள். மனிதர்கள் விஷயத்தில் அதையே செய்தால் பகுப்பாய்வு என்கிறார்கள்.

இன்னும் கொடுமையான கதை மார்கெல் ஃபுல்ட்ஸுடையது. 2017இல் ஃபிலடெல்ஃபியா அணி பாஸ்டனோடு பேரம் பேசி, எதிர்காலத் தேர்வு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து முதல் இடத்துக்கு ஏறி எடுத்த கார்டு. வயது 19. கல்லூரியில் மூன்று புள்ளி எறிதலில் 41 சதவீதம். எடுத்த சில மாதங்களிலேயே எறிதல் உடைந்தது. கை மேலே போகும், நடுவில் திக்கும், பந்து எங்கோ போகும். அந்தக் காணொளிகளை மெதுவாக ஓட்டி ஓட்டி உலகமே சிரித்தது. மனசு போச்சு, பயந்துட்டான், பொய் சொல்றான் என்று ஆளாளுக்கு மருத்துவம் பார்த்தார்கள். 2018 டிசம்பரில் தெரிந்தது, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்பு அழுந்தும் ஒரு நோய் என்று. கையைத் தூக்க முடியாத ஒருவனை ஒரு வருஷத்துக்கு மேல் கேலி செய்திருக்கிறோம். அவர் அந்த அணிக்காக ஆடியது வெறும் 33 ஆட்டங்கள். பிறகு ஆர்லாண்டோவுக்குப் போய் 2019-20இல் 72 ஆட்டங்கள் ஆடினார். சிரித்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்தார்கள்?

ரூபியோவை மறந்துவிட்டோம் பாருங்கள். ஜோக்கில் அவருக்கு ஒரு வரி மட்டும்தான்: ஐந்தாவதாக வந்தவர், கரி இல்லாதவர். அவர் 14 வயதில் ஸ்பெயினின் முதல்தர லீகில் ஆடியவர். 17 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவுக்கு எதிராக ஆடியவர். ட்ராஃப்ட் முடிந்ததும் மினசோட்டாவுக்கு ஓடிவராமல் பார்சிலோனாவில் இரண்டு வருஷம் ஆடிவிட்டு 2011இல் வந்தார். அதற்காக அவர்மேல் சிலருக்குக் கடுப்பு. தன் வேலையிடத்தை, தன் ஒப்பந்தத்தை யோசித்து முடிவு செய்த ஒருவர்மீது நமக்கு எதற்குக் கடுப்பு? வந்த முதல் பருவத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. 2016இல் புற்றுநோயில் அம்மாவை இழந்தார். 2019இல் ஸ்பெயின் உலகக் கோப்பை வென்றபோது தொடரின் சிறந்த வீரர் அவர்தான். 2023இல் மனநலத்துக்காக ஆட்டத்திலிருந்து விலகி நின்றார். அதை வெளிப்படையாகச் சொன்னார். இத்தனையும் உள்ள ஒரு வாழ்க்கையை 'கரிக்கு முந்தின நம்பர்' என்று சுருக்குவதற்கு ஒரு தனி மொண்ணைத்தனம் வேண்டும்.

இப்படிச் சுருக்கப் பழக்குவது எது? ட்ராஃப்ட் பேச்சில் ரசிகன் தன்னை அறியாமலே முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறான். 'நாங்க இவனை எடுத்தா', 'இவனை வித்துட்டு அவனை வாங்கினா', 'இந்த சொத்தோட மதிப்பு இறங்குறதுக்குள்ள தள்ளிவிடணும்'. மாதச் சம்பளத்தில் இ.எம்.ஐ. கட்டுகிற நாம், கோடீஸ்வர உரிமையாளரின் லாபநஷ்டத்தைத் தூக்கம் கெட்டுக் கணக்குப் பார்க்கிறோம். காலை ஆறு மணிக்கு எழுந்து ஆட்டம் பார்க்கத் தொடங்கியபோது நம்மை இழுத்தது இதுவா? ஒருவன் இரண்டு பேருக்கு நடுவே புகுந்து, பார்க்காமலே மூலைக்கு ஒரு பாஸ் போட்டானே, அது.

ஆள் எடுக்கும் குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மூன்று மேனேஜர்களிடம் கைமாறினார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பழைய அமைப்பின் ஆவணங்கள் ஒன்றுகூட இல்லை. ஆறாவது மாதம் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "இது ராங் ஹையர்." யாரும் மறுக்கவில்லை. தேர்வு தப்பு என்று முடிந்தால் அறையில் இருந்த எல்லோரும் நிம்மதியாக மதிய சாப்பாட்டுக்குப் போகலாம். அந்தப் பெண் இப்போது வேறொரு இடத்தில் ஒரு குழுவையே நடத்துகிறார்.

விவாதிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ட்ராஃப்ட் விவாதம் ஒரு போதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அடுத்த ஜூனில் உங்கள் அணிக்கு எந்தக் கார்டு என்று அடித்துக்கொள்ளும்போது, அந்தப் பையனின் கை நீளத்தோடு இதையும் கேளுங்கள்: பயிற்சியாளர் யார்? இரண்டு வருஷம் இருப்பாரா? பந்து யார் கையில் இருக்கும்? காயம் பட்டால் எந்த மருத்துவர் பார்ப்பார், எவ்வளவு காலம் பொறுப்பார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாத அணி யாரை எடுத்தாலும் ஒன்றுதான்.

மினசோட்டாவின் அந்தப் பொது மேலாளர் டேவிட் கானையும் அப்போது கிழித்துத் தொங்கவிட்டார்கள், 2013இல் வேலை போனது. பிறகு பாரிஸ் போனார். அங்கே புதிதாகத் தொடங்கிய பாரிஸ் பாஸ்கெட்பால் கிளப்பின் தலைவரானார். 2024இல் அந்த அணி யூரோகப் வென்றது. அவருக்கு ஒரு புது ஊர், புது அணி, அவகாசம் எல்லாம் கிடைத்தது. 2009இல் அவர் எடுத்த ஆறாவது தேர்வுக்குக் கிடைத்தவை 163 ஆட்டங்கள்.