வீட்டுக்குள்ளே ஒரு ஆர்கேட்... எந்த ஜாய்ஸ்டிக் வாங்கலாம்?

'பையன் ஆர்கேட் ஸ்டிக் வேணும்கிறான், விலையைப் பார்த்தா தலை சுத்துது. அதுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?' என்று கேட்கும் அம்மா அப்பாக்கள் ஒரு பக்கம். 'காசு போட்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடின தலைமுறை சார் நாங்க, அதே ஃபீல் வீட்டுல வேணும்' என்கிற நாற்பது ப்ளஸ் ஆசாமிகள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான். என்ன கேம் ஆடப்போகிறீர்கள்?

ஃபுட்பால், கார் ரேஸ், துப்பாக்கிச் சண்டை என்றால் பர்ஸை உள்ளே வைத்துவிடுங்கள். அந்த கேம்களுக்கு 'கொஞ்சம் திருப்பு', 'நிறையத் திருப்பு' என்ற வித்தியாசம் தேவை. கேம்பேடில் உள்ள குட்டிக் குமிழ்கள் அதைச் சொல்லும். ஆர்கேட் லீவருக்கு அது தெரியாது. பொதுவாக அதன் அடியில் நான்கு மைக்ரோ ஸ்விட்ச்கள் இருக்கும். எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்க ஸ்விட்ச் 'டிக்' என்று ஆன் ஆகும். மூலையில் சாய்த்தால் இரண்டு சேர்ந்து ஆன் ஆகும். மொத்த ரகசியமே இவ்வளவுதான்.

இந்த எளிமை பொருந்துவது சண்டை கேம்களுக்கும், பேக்-மேன் காலத்துப் பழைய கேம்களுக்கும். 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் மூன்று குத்து, மூன்று உதை என ஆறு பட்டன்கள். ரியூ கையிலிருந்து அந்த நீல நெருப்புப் பந்து பறக்க வேண்டுமென்றால் கீழே, கீழ் மூலை, முன்னே என்று லீவரைக் கால் வட்டம் சுழற்றி, குத்து பட்டனைத் தட்ட வேண்டும். கேம்பேடில் இதை இடது கட்டைவிரல் ஒன்றே செய்தாக வேண்டும். லீவரில் மொத்தக் கையும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

அதற்காக, 'ஸ்டிக் இருந்தாத்தான்பா ஜெயிக்க முடியும்' என்று பையன் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 2014 ஈவோ போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் பட்டத்தைத் தட்டிய பிரான்ஸ் வீரர் லஃபி ஆடியது, முதல் பிளேஸ்டேஷன் காலத்துக் கேம்பேடில்! ஸ்டிக் வாங்குவது ஜெயிக்க அல்ல, பிடித்திருக்கிறது என்பதற்காக. அது போதுமான காரணம்தான் என்பது என் கட்சி.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டது. லீவரில் பல ஜாதி உண்டு. மேலே உருண்டையாகப் பந்து வைத்தது ஜப்பான் பாணி. லேசாகத் தொட்டாலே நகரும். பேட் பிடி மாதிரி நீளக் கைப்பிடி வைத்தது அமெரிக்க பாணி, கொஞ்சம் அழுத்தம் கேட்கும். கொரிய பாணியில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையம். விட்டதும் விருட்டென்று நடுவுக்கு வந்துவிடும். டெக்கன் ரசிகர்கள் பலர் இதற்கு அடிமை.

லீவர் எவ்வளவு தூரம் சாயலாம் என்று தடுக்கும் தகடு ஒன்று அடியில் இருக்கும். ஜப்பான் ஸ்டிக்குகளில் பெரும்பாலும் சதுரம். புதிதாகப் பிடிப்பவர்களுக்கு மூலையில் போய் மாட்டிக்கொள்வது போல எரிச்சலாக இருக்கும். உடனே எண்கோணத் தகடு தேடி ஓடாதீர்கள். இரண்டு வாரம் பொறுங்கள். விளிம்பில் இடித்து இடித்துச் சுழற்றும் பழக்கம் போனதும் சதுரம் கையில் உட்கார்ந்துவிடும். பேக்-மேன்தான் உங்கள் உயிர் என்றால் கதை வேறு. அது நான்கே திசை கேம். மூலை சிக்னல் குறுக்கிட்டால் திருப்பத்தில் தடுமாறும், பின்னால் வரும் பேய் பிடித்துக்கொள்ளும். சில லீவர்களில் அந்தச் சதுரத் தகட்டை 45 டிகிரி திருப்பி மாட்டினால் மூலைகள் அடைபட்டு நான்கு திசை மட்டும் மிஞ்சும். வாங்கும் முன் இந்த வசதி உண்டா என்று பாருங்கள்.

விலை சில ஆயிரங்களில் ஆரம்பித்து இருபதாயிரத்தைத் தாண்டியும் போகிறது. பெரிய வித்தியாசம் உள்ளே இருக்கும் பாகங்களில்தான். சன்வா, செய்மிட்சு என்ற ஜப்பான் பெயர்கள் போட்டிருந்தால் நல்ல லீவர், நல்ல பட்டன் என்று அர்த்தம். ஆனால் என் ஓட்டு, பாகம் மாற்ற வசதியுள்ள மலிவு ஸ்டிக்குக்கு. பட்டன் 30 மில்லிமீட்டர் அளவில், சாலிடரிங் இல்லாமல் வயரைச் செருகிக் கழற்றும்படி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆசை ஆறு மாதம் நீடித்தால் நல்ல லீவரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். நீடிக்கவில்லை என்றால் நஷ்டம் கம்மி.

பலர் பணத்தைத் தொலைக்கும் இடம் வேறு. பிளேஸ்டேஷனுக்கான ஸ்டிக் எக்ஸ்பாக்ஸில் அப்படியே வேலை செய்யாது. பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது 5-ல் எல்லா கேமிலும் வேலை செய்யும் என்ற உத்தரவாதமும் இல்லை. 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று விற்கும் சில மலிவு ஸ்டிக்குகளில், ஒரிஜினல் கேம்பேடையும் வயர் போட்டு ஸ்டிக்கில் செருகி வைத்தால்தான் கன்சோல் ஏற்கும். பெட்டியின் மேல் உங்கள் கன்சோல் பெயர் இருக்கிறதா என்று படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கம்ப்யூட்டரில் ஆடுபவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

வயர்லெஸ் வேண்டாம், வயர் போதும். சண்டை கேம்கள் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகின்றன; ஒரு ஃபிரேம் என்பது 17 மில்லிசெகண்ட்கூட இல்லை. வயர் இருந்தால் சார்ஜ் தீர்ந்து பாதியில் நிற்கிற கவலையும் கிடையாது.

எடை குறைந்த ஸ்டிக் மேஜையில் வழுக்கிக்கொண்டே போகும். மடியில் வைத்து ஆடுபவர் என்றால் அகலமான, அடியில் ரப்பர் ஒட்டிய பெட்டியாகப் பாருங்கள். குட்டி ஸ்டிக்கை இரண்டு முழங்காலாலும் இடுக்கிக்கொண்டு ஆடுவது அரை மணி நேரம்கூடத் தாங்காது.

கடைசியாக, சத்தம். ராத்திரி பதினோரு மணிக்கு ஆறு பட்டனையும் ஒருவர் படபடவென்று தட்டினால் அடுத்த அறையில் தூங்குபவருக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடுவில் படுத்த மாதிரி இருக்கும். சத்தம் குறைந்த பட்டன்கள் தனியாகவே கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூடத்தான். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ, சீக்கிரம் தூங்கும் தாத்தா பாட்டியோ வீட்டில் இருந்தால், லீவருக்கு முன்னால் அதை மாற்றுங்கள்.