லஞ்சம் வாங்காத வார்டர்

சேலம் அஸ்தம்பட்டியைத் தாண்டி ஏற்காடு அடிவாரம் பக்கமாக வந்தால் எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டி. இங்கே செகண்ட் ஷோ பார்த்துவிட்டு வருகிற எந்த இளைஞனும் வீட்டில் 'ஆபீஸில் ஓவர்டைம்' என்று கதை விட முடியாது. தெருமுனையில் ஆரம்பித்து வாசல் கேட் வரைக்கும் நாய்கள் கோரஸாக அட்டெண்டன்ஸ் எடுத்துவிடும். சம்பளம் கிடையாது, பஞ்சப்படி கிடையாது, தீபாவளி போனஸும் கிடையாது. ஆனாலும் நைட் டியூட்டியில் தூங்காத ஒரே ஸ்டாஃப்!

இந்த நல்ல குணத்தைப் பார்த்துத்தான் பல நாட்டு ஜெயில்களில் நாயை உத்தியோகத்துக்கு எடுத்திருக்கிறார்கள். பிரிட்டனில் இது சூடு பிடித்ததற்கு ஓர் ஆசாமி காரணம். ஜார்ஜ் பிளேக். ரஷ்யாவுக்கு உளவு சொன்னதற்காக 42 வருஷ தண்டனை. 1966 அக்டோபரில் லண்டன் சிறையின் சுவரை நூலேணியில் தாண்டிப் போய்விட்டார். அந்த ஏணியின் படிகள் என்ன தெரியுமா? ஸ்வெட்டர் பின்னுகிற ஊசிகள்! அரசாங்கத்துக்கு ரோஷம் வந்து விசாரணைக்குப் போட்டது நம்ம பழைய வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் பிரபுவை. அதற்கப்புறம்தான் அங்கே சுவரோரம் நாய் ரோந்து முறையாக வளர்ந்தது.

ஜெயில் நாய்களில் இரண்டு ஜாதி உண்டு (வேலையைச் சொல்கிறேன்). ஒன்று ரோந்து நாய். பெரும்பாலும் அல்சேஷன். சுவரைச் சுற்றி வரும், உறுமும், தேவைப்பட்டால் பிடிக்கும். இன்னொன்று மோப்ப நாய். லாப்ரடார், ஸ்பானியல் மாதிரி சாதுக்கள். மனு போட்டுப் பார்க்க வருகிறவர்களை வரிசையாக நிற்க வைத்தால் ஒவ்வொருவரையும் முகர்ந்துகொண்டே போகும். கஞ்சா வாசனை வந்தால் குரைக்காது, கடிக்காது. அந்த ஆள் முன்னால் மரியாதையாக உட்கார்ந்துவிடும். மீதி மரியாதையை அதிகாரிகள் செய்வார்கள்.

செல்போனைக்கூடக் கண்டுபிடிக்கிறது. செல்போனுக்கு ஏது வாசனை என்று கேட்காதீர்கள். சர்க்யூட் போர்டில் இருக்கிற சில ரசாயனங்கள் நம் மூக்குக்குத் தெரியாது, அதன் மூக்குக்குத் தெரியும். வாசனையை வாங்குகிற செல்கள் நமக்குச் சில பத்து லட்சம் என்றால் நாய்க்குப் பல கோடி.

சரி, நம்ம ஊர் கதைக்கு வருவோம். 1986 மார்ச்சில் டெல்லி திகார் ஜெயிலிலிருந்து சார்லஸ் சோப்ராஜ் எப்படி வெளியே வந்தார்? சுரங்கம் தோண்டவில்லை, சுவர் ஏறவில்லை. பிறந்தநாள் என்று சொல்லி காவலர்களுக்கு மயக்க மருந்து கலந்த ஸ்வீட் கொடுத்தார். எல்லோரும் கொர்ர்... இவர் கேட் வழியாகவே நடந்து போனார். ஒழுங்காகப் பயிற்சி பெற்ற நாயிடம் இந்தப் பருப்பு வேகாது. தன்னை வளர்க்கிறவர் கொடுத்தால் தவிர, மைசூர்பாகே ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

1990 ஆகஸ்டில் சென்னை மத்திய சிறையிலிருந்து ஆட்டோ சங்கர் கூட்டாளிகளோடு தப்பினானே, அதிலும் பூட்டு மேல் தப்பில்லை. உடந்தையாக இருந்ததாக சிறை வார்டர்களே தண்டிக்கப்பட்டார்கள். ஒரிஸ்ஸா ரூர்கேலாவில் பிடித்துக் கொண்டுவந்து, கடைசியில் 1995 ஏப்ரல் 27ல் தூக்கில் போட்டது எங்கள் சேலம் ஜெயிலில்தான்.

இதையெல்லாம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், "ஏனுங்க, அப்ப வார்டரை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டு ஒரு லோடு ராஜபாளையம் நாயை இறக்கிடலாமுங்களா?" என்றார்.

அவசரப்படாதீர்கள். பிரேசிலில் ஒரு ஜெயிலில் 2023ல் நாய்களையே ரிட்டயர் பண்ணிவிட்டு, வாத்துக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கிற 'கூஸ்' பறவைகளைக் காவலுக்கு விட்டிருக்கிறார்கள். செலவு குறைவு, சத்தம் அதிகம். எந்த உத்தியோகமும் நிரந்தரமில்லை!

விளையாட்டு போகட்டும். நாய்க்கு லஞ்சம் கொடுக்க முடியாது என்பது பாதி உண்மைதான். மீதியை 2011ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சி ஒன்று காட்டியது. 18 மோப்ப நாய்களையும் அவற்றைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களையும் ஒரு சர்ச் கட்டடத்தில் சோதித்தார்கள். கஞ்சா, வெடிமருந்து எதுவுமே அங்கே இல்லை. ஆனால் 'சிவப்புக் காகிதம் ஒட்டிய இடத்தில் சரக்கு இருக்கலாம்' என்று மனிதர்களிடம் மட்டும் சொல்லிவைத்தார்கள். இல்லாத சரக்கை 200 தடவைக்கு மேல் 'கண்டுபிடித்தார்கள்'. அதுவும் சிவப்புக் காகிதம் இருந்த பக்கம் அதிகமாக! நாய்க்குக் காகிதம் பற்றித் தெரியாது. எஜமானின் மனசு தெரியும். அதாவது நாய் பணம் வாங்காது, ஆனால் எஜமானைத் திருப்திப்படுத்த எதையும் செய்யும். நம்ம ஆபீஸ்களில் இந்த ரகத்தைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த எஜமான் கெட்டவனாக இருந்தால்? ஈராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகளின் முகத்துக்கு நேராக நாய்களை ஏவிப் பயமுறுத்திய படங்கள் 2004ல் வெளியாகி உலகமே காறித் துப்பியது. 2006ல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இன்னொன்றைச் சொன்னது. அமெரிக்காவிலேயே ஐந்து மாநிலங்களில், அறையை விட்டு வர மறுக்கிற கைதியை வெளியே கொண்டுவர நாயை ஏவ அனுமதி இருந்ததாம். கட்டளை போட்டவர் கை கழுவிவிடலாம். கடித்தது நாய்தானே!

ஜெயிலில் பாதுகாப்பு என்றால் உள்ளே இருப்பவன் தப்பாமல் பார்ப்பது என்றே நினைக்கிறோம். உள்ளே இருப்பவனின் உயிருக்கும் அதே சுவர்தான் ஜவாப்தாரி. எங்கள் சேலம் ஜெயிலிலேயே 1950 பிப்ரவரி 11ல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்துப்போனார்கள். ஆயுதம் ஏந்திய காவல் இருந்த இடத்தில்தான்.

இன்னொரு கணக்கு. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். இதில் நூற்றுக்கு 75 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்களா இல்லையா என்று கோர்ட் இன்னும் சொல்லவே இல்லை. நாளைக்கு ஒரு பெட்டி கேஸில் நீங்களோ நானோகூட அந்த 75ல் ஒருவராக இருக்கலாம்.

அதனால் என் கட்சி இதுதான். ஜெயிலுக்கு நாய் தாராளமாக வரட்டும். மோப்பம் பிடித்துக் கஞ்சாவைக் காட்டட்டும், சுவருக்கு வெளியே ராத்திரி பூரா சுற்றட்டும். மூக்குக்கு வேலை கொடுங்கள், குரலுக்கும் கொடுங்கள். பல்லுக்கு வேண்டாம். நாய் உட்கார்ந்த இடத்தில் மனுஷன் ஒருவன் கையைவிட்டுச் சோதித்து, சரக்கு இருந்தால் மட்டும் கேஸ் எழுதட்டும்.

சங்கிலியின் ஒரு முனை நாயின் கழுத்தில் இருக்கிறது. நாம் கண்காணிக்க வேண்டியது இன்னொரு முனையை.