கடனுக்குச் சோபா எதற்கு?

சோனகத்தெரு உறவுகளே!

1990 ஒக்டோபர் 30இல் வீட்டையே விட்டுப் போனவர்கள் நாம். புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் பாய் விரித்து விருந்தாளியை உட்கார வைத்தோம், மரியாதை குறைந்ததா? இன்று மீண்டு வந்து கட்டிய சிறு வீட்டுக்குப் பெருநாள் வந்தால் தவணைக்கடனில் சோபா, திரைச்சீலை, பிளாஸ்டிக் பூ! "வருபவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்கிறோம். வட்டியை அவர்களா கட்டுவார்கள்?

சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, தரைக்குச் சாயமிட்ட பனையோலைப் பாய், மூலையில் ஓலைப்பெட்டி, வாசலில் குரோட்டன் செடி, பழைய சேலையில் தலையணை உறை. இதுவும் அழகுதான், ஓலை பின்னும் நம் ஊர்ப் பெண்களுக்கு வருமானமும்கூட.

பெண் பார்க்க வருபவர்களே, சோபாவை எண்ணாதீர்கள். தவணைக்குப் போகும் காசில் பிள்ளை படிக்க ஒரு மேசையும் விளக்கும் வாங்குவோம். வட்டி நுழைந்த வீட்டில் பரக்கத் தங்காது.