எல்லாப் பழியும் சோற்றுப் பானைக்கே

விடுதியொன்றில் ஒரே இரவில் நாற்பது பேர் வாந்தியெடுத்தால், மறுநாள் தலைப்பு எழுத உதவியாசிரியர் யோசிக்க வேண்டியதில்லை. 'உணவு நஞ்சானது, மாணவர்கள் வைத்தியசாலையில்' என்ற வரி எப்போதும் கைவசம் இருக்கும். சமையற்காரர் விசாரிக்கப்படுவார். சமையலறைக்குப் பூட்டு விழும். நிர்வாகம் வருத்தம் தெரிவிக்கும். மூன்றாம் நாள் செய்தி செத்துவிடும். முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்து இந்த நாடகத்தைப் பார்த்துச் சலித்துவிட்டேன். அந்த விடுதியில் எத்தனை பேருக்கு ஒரு மலசலகூடம், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

2021ஆம் ஆண்டின் இறுதியில் சில வார இடைவெளியில் நடந்த இரு சம்பவங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். நவம்பரில் கேரளத்தின் வயநாட்டில், பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டன. மாதிரிகள் ஆலப்புழை வைரஸ் ஆய்வு நிலையத்துக்குப் போயின. நோரோ வைரஸ் என்று பெயர் தெரிந்தது. குடிநீர் மூலங்களுக்குக் குளோரின் இட உத்தரவாயிற்று.

டிசம்பர் நடுவில் தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரில், அப்பிள் நிறுவனத்துக்குக் கைபேசி பொருத்தும் பொக்ஸ்கொன் ஆலையின் பெண் தொழிலாளர் 250 பேருக்கு மேல் விடுதி உணவால் நோயுற்றனர். 159 பேர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர். ஓர் அறையில் ஆறு முதல் முப்பது பேர் வரை படுத்தெழும்பியதும், சில மலசலகூடங்களில் தண்ணீரே வராததும் உலகுக்குத் தெரிந்தது எப்போது? தோழிகள் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவி, அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்த பிறகுதான்! மறித்தவர்களில் பலரைப் பொலிசார் பிடித்து வைத்தார்கள். விடுதிகள் சில தரமற்றவை என்று அப்பிளே ஒப்புக்கொண்டது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12இல் திறந்தது. இரண்டு இடத்திலும் ஒரே கிருமி என்று நான் சொல்லவரவில்லை. நெருக்கமும் தண்ணீரும் எங்கும் ஒரே கதை என்கிறேன்.

நோரோ வைரஸ் முதலில் பிடிபட்டதே ஒரு பள்ளிக்கூடத்தில்தான். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து நோர்வோக் நகரில், 1968இல். அது உடலில் புகுந்து 12 முதல் 48 மணித்தியாலத்தில் வேலையைக் காட்டும். நூறுக்கும் குறைந்த துகள்களே போதும். ஓரிரு நாளில் ஆள் தேறிவிடுவார். ஆனால் மலத்தில் வைரஸ் இரண்டு வாரம் வரையும் வெளியேறும். ஆகவே வயிற்றோட்டம் நின்று இரண்டு நாளாவது சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்கிறது மருத்துவம். வராத நாளுக்குக் கூலியில்லாத சமையற்காரர் என்ன செய்வார்? வருவார். அவரைக் குற்றவாளியாக்கும் நிர்வாகம் அந்த இரண்டு நாட் கூலியைக் கொடுத்துப் பார்த்ததுண்டா? தென்கொரியாவில் 2018 குளிர்கால ஒலிம்பிக்கின்போது இந்த நோய் கண்டதும் 1,200 காவலாளர்களை ஒதுக்கிவைத்து, பதிலுக்கு 900 படையினரை நிறுத்தினார்கள். விசாரித்தபோது, காவலாளர் தங்கிய விடுதியில் சமைக்க எடுத்த நீரே மாசுபட்டிருந்தது தெரியவந்தது.

கொரோனாவுக்குப் பின் நமது நிறுவனங்களுக்கு இன்னொரு சாக்கும் கிடைத்தது: வாசலில் ஒரு கிருமிநாசினிப் போத்தல். மதுசாரக் கரைசலுக்கு நோரோ வைரஸ் எளிதில் அசைந்து கொடுக்காது. சவர்க்காரமும் ஓடும் நீரும் வேண்டும். வாந்தி பட்ட இடத்துக்குக் குளோரின் வேண்டும். போத்தல் மலிவு, குழாய் செலவு.

வயநாட்டையும் கொரியாவையும் பற்றி மண்டூரில் இருந்துகொண்டு நான் ஏன் கவலைப்பட வேண்டும்? படுவான்கரைக்காரனுக்குத் தெரியும். 2011 ஜனவரி வெள்ளத்தில் நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது, மிக மோசமாக அடிபட்டது மட்டக்களப்பு மாவட்டம். பாடசாலைகளே நலன்புரி நிலையங்களாயின. அரைநாள் வந்து போகும் பிள்ளைகளுக்கென்று கட்டிய மலசலகூடத்தை, இரவும் பகலும் குடும்பம் குடும்பமாகப் பாவிக்க வேண்டியதாயிற்று. கிணறுகளோ வெள்ளத்துக்குள். குருமண்வெளிப் 'பாதை' ஓடாத நாளில் வாவியைக் கடந்து களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போவதெப்படி? வாந்தியால் வாடிய கைக்குழந்தைக்கு நேரத்துக்கு ஒரு பக்கற் ஜீவனி கரைத்துக் கொடுக்கவும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். (ஆவணித் திருவிழாவில் முருகன் கோவிலுக்குத் திரளும் கூட்டத்தின் கணக்கு வேறு.)

அகதி முகாம்களுக்கென உலக நிவாரண நிறுவனங்கள் வகுத்த அளவு, 20 பேருக்கு ஒரு மலசலகூடம், 250 பேருக்கு ஒரு குழாய். அகதிக்குரிய அளவுகூட நமது பாடசாலைகளில், விடுதிகளில், முதியோர் இல்லங்களில் இருக்கிறதா? எண்ணுவதற்கு நிபுணர் குழு தேவையில்லை. ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஒரு கொப்பியும் போதும். எண்ணியதை ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் எழுதி ஒட்ட வேண்டும்: இங்கே இத்தனை பேர், இத்தனை குழாய், இத்தனை மலசலகூடம், கடைசியாகத் தண்ணீர் பரிசோதித்த திகதி. சமையலறை ஊழியருக்கு நோய்க்கால விடுமுறை சம்பளத்தோடு உண்டா இல்லையா என்பதும் அதில் இருக்கட்டும். அடுத்த மாரிக்கு முன்னர் இது நடக்க வேண்டும் என்று கேட்டு, பொறுப்பான பணிமனைகளுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே வெளியிடுவேன். வராவிட்டால், எத்தனை நாளாக வரவில்லை என்பதையும் வெளியிடுவேன்.