விழுந்து எழும் விளையாட்டு

“கடினமான வீடியோ கேம் நமக்கு எதற்கு?” என்று ஒதுங்கும் தோழியர் பலர். பத்து முறை தோற்றதும் ஆட்டத்தையே விட்டுவிடுகின்றனர். அவர்களுக்கு 2018-ஆம் ஆண்டு வெளிவந்த ‘செலஸ்ட்’ என்னும் விளையாட்டைச் சொல்வேன்.

மேடலின் என்னும் பெண் ஒரு மலையுச்சியை நோக்கி ஏறுகிறாள். அவளைக் குதிக்கவும், தாவவும், பாறையைப் பற்றி ஏறவும் செய்வது நம் வேலை. நூற்றுக்கணக்கான முறை விழுவோம். ஆனால் விழுந்த மறுநொடியே அதே திரையின் தொடக்கத்தில் நிற்போம்; கடந்து வந்த திரைகள் வீணாவதில்லை. ஆகவே முழு மலையையும் எண்ணி மலைக்க வேண்டாம். இன்றைக்கு இரண்டு திரை போதும். நிறுத்திய இடத்திலிருந்தே நாளை தொடரலாம்.

அப்படியும் முடியவில்லையா? ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கவும், அடிபடாமல் செல்லவும் உதவும் வசதியை, விளையாட்டை உருவாக்கியவர்களே அதில் வைத்துள்ளனர். “அது ஏமாற்று வேலை” என்பர் சிலர். நான் ஒப்பமாட்டேன். நாம் அமர்ந்தது தேர்வு எழுதவா? கைப்பிடியைப் பற்றிப் படியேறியவளுக்கும் உச்சியில் வீசும் காற்று ஒன்றுதான்.

எனவே தோழியரே, பிறர் எத்தனை நாளில் முடித்தனர் என்று கேளாதீர்கள். நேற்று தாண்ட முடியாத பள்ளத்தை இன்று தாண்டினீர்களா? அந்த மகிழ்ச்சிக்காகத்தான் விளையாட்டு!